பள்ளிக்கூடம் வாய் மூடியிருந்த ஆண்டுகள்

2007-ஆம் ஆண்டில் ஜப்பானில் மிக அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, முதலில் கைப்பேசிக்காக எழுதப்பட்டவை. முதல் மூன்று இடங்களும் அவற்றுக்கே. எழுதியவர்களில் பலர் பதின்ம வயதில் இருந்த, அல்லது அப்போதுதான் அதைத் தாண்டிய பெண்கள். மிக்கா, மேய், ரின் என்று ஒற்றைப் பெயர்களில் எழுதினார்கள். குடும்பப் பெயர் கிடையாது. வாசித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவிகள். இவ்வகை எழுத்துக்கு அங்கே ‘கெய்தாய் ஷோசெட்சு’ என்று பெயர். கெய்தாய் என்றால் கையோடு கொண்டுபோவது, அதாவது கைப்பேசி. ஷோசெட்சு என்றால் நாவல்.

காதல், வல்லுறவு, கர்ப்பம், கருச்சிதைவு, புற்றுநோய், மரணம். இவைதான் அந்த நாவல்களின் உள்ளடக்கம். பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கவலைப்பட்டார்கள். இதைப் படித்துப் பெண்பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்ன கற்றுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் கிழக்காசிய வரலாற்றுத் தாளில் ஜப்பான் இரண்டாம் உலகப் போரோடு முடிந்துவிடும். “அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பொம்பளைங்க என்ன ஆனாங்க மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த நாவல்களிடம் வந்துசேர்ந்தேன். நான் படித்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தவை. இவ்வகையின் உச்சமான ‘கொய்சோரா’வின் திரைப்படத்தை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை மாணவிகளோடு.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். டொக்கோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் ‘ஐ-மோட்’ சேவையைத் தொடங்கியது. கைப்பேசியிலேயே இணையம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘மாஹோ நோ ஐ-லேண்ட்’ என்ற தளம் வந்தது; யார் வேண்டுமானாலும் அதில் தங்கள் பக்கத்தை உருவாக்கலாம், விரைவிலேயே நாவலும் எழுதலாம் என்றானது. 2003, 2004-இல் மாதத்துக்கு ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற திட்டங்கள் வந்தபோது கதைகளின் வெள்ளம் தொடங்கியது. வீட்டுக் கணினி கூடத்தில் இருக்கும். அப்பா பார்ப்பார், அண்ணன் பார்ப்பான். கைப்பேசி போர்வைக்குள் வரும். ஒரு பெண்பிள்ளையின் வாசிப்பு யார் கண்ணிலும் படாமல் நடக்க முடிந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. திரை சிறியதால் வாக்கியங்களும் சிறியவை. ஒரு வரி, பிறகு வெற்றிடம், பிறகு பாதி வரி. இலக்கிய விமர்சகர்களுக்கு அந்த வெற்றிடங்களைக் கண்டால் எரிச்சல்.

இந்த அலையைத் தொடங்கிவைத்தவர் ஒரு ஆண். யோஷி என்ற புனைபெயரில் எழுதியவர், தனிப்பயிற்சிப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர். 2000-இல் சொந்தமாக ஒரு தளம் தொடங்கி ‘டீப் லவ்’ என்ற தொடரை எழுதினார். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பள்ளி மாணவிகளிடம் தன் தளத்தின் முகவரி அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்து ஆள் பிடித்தார். கதையின் நாயகி ஆயு, வயது 17. பணத்துக்காக நடுவயது ஆண்களோடு போகிறவள். தொண்ணூறுகளில் ஜப்பானியப் பத்திரிகைகள் ஓயாமல் பேசிய விஷயம் அது. ‘துணைக்கு உதவித்தொகை’ என்று மழுப்பலாக அதற்கொரு பெயரும் வைத்திருந்தார்கள். ஆயுவுக்கு இதயநோய் உள்ள ஒரு பையன்மேல் காதல் வருகிறது. அவனுடைய அறுவைச் சிகிச்சைக்காக மேலும் உடலை விற்கிறாள். கடைசியில் எய்ட்ஸ் வந்து சாகிறாள். 2002-இல் புத்தகமாக வந்த இந்தத் தொடர் 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பழைய கதைதான். கெட்டுப்போன பெண், தூய காதல், தண்டனையாக மரணம். நம் சினிமாவில் எத்தனை தாசிகள் கதாநாயகன் மடியில் உயிரை விட்டிருக்கிறார்கள்! புதிது என்னவென்றால், படித்த பெண்கள் யோஷிக்குத் திருப்பி எழுதினார்கள். தங்களுக்கு நடந்தவற்றை மின்னஞ்சலில் சொன்னார்கள். அவர் அவற்றிலிருந்து எடுத்துக் கதையை நகர்த்தினார். அம்மாவிடமும் டீச்சரிடமும் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஓர் ஆளிடம் சொன்னார்கள். சீக்கிரமே, அவரிடம் சொல்வதற்குப் பதில் தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

ஜப்பானில் 1992-ஐப் ‘பாலியல் கல்வியின் முதலாம் ஆண்டு’ என்று அழைத்தார்கள். எய்ட்ஸ் பயம் ஒரு பக்கம், புதிய பாடத்திட்டம் மறுபக்கம். பல பள்ளிகளில் ஆசிரியர்கள் உற்சாகமாகப் பாடங்களை உருவாக்கினார்கள். அந்த உற்சாகம் பத்தாண்டு நீடித்தது. 1998-இல் திருத்தப்பட்ட கல்வி அமைச்சகப் பாடத்திட்டத்தில் இரண்டு சிறிய வரிகள் நுழைந்தன. ஐந்தாம் வகுப்பு அறிவியலில் மனிதக் கரு எப்படி உருவாகிறது என்று சொல்லலாம். ஆனால் கருத்தரித்தலுக்கு இட்டுச்செல்லும் நிகழ்வு பாடத்தில் வராது. நடுநிலைப் பள்ளிச் சுகாதாரப் பாடத்திலும் இதே மாதிரி ஒரு வரம்பு. ஜப்பானிய ஆசிரியர்கள் இதற்கு ‘கடிவாள விதி’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள். விந்தணு இருக்கிறது, கருமுட்டை இருக்கிறது, இரண்டும் எப்படிச் சந்தித்தன என்பது மட்டும் பாடத்தில் இல்லை. ஏதோ தபாலில் வந்து சேர்ந்தது போல.

2002-இல் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்காகக் கருத்தடை பற்றியும் பேசிய ஒரு சிறு நூல் வந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினரே அதை எதிர்த்துக் குரலெழுப்பினார். நூல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கசப்பானது. டோக்கியோவின் ஹினோ நகரில் நானாஓ என்ற பள்ளி, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. மாணவர்களிடையே பாலுறவு நடந்திருப்பது தெரியவந்தபின், திட்டிப் பயனில்லை என்று உணர்ந்த ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும் வழியில் பாடம் அமைத்தார்கள். உடலின் ஒவ்வொரு பாகத்தையும் பெயர்சொல்லிப் பாடும் ஒரு பாட்டு. பாலுறுப்புகளோடு தைத்த துணிப் பொம்மைகள். பெற்றோர்கள் இதை ஏற்றிருந்தார்கள். 2003 ஜூலையில் டோக்கியோ மாநகர சபையில் ஓர் உறுப்பினர் இதைக் கண்டித்துப் பேசினார். சில உறுப்பினர்கள் செய்தித்தாள்காரர்களோடு பள்ளிக்கே போனார்கள். பொம்மைகளின் கீழாடையை நீக்கிப் படம் எடுத்தார்கள். ஆசிரியர்களை மிரட்டினார்கள். மாநகரக் கல்வி வாரியம் பாடப் பொருட்களைப் பறிமுதல் செய்தது. தலைமையாசிரியர் பதவியிறக்கம் செய்யப்பட்டார். ஆசிரியர்கள் பலர் கண்டிக்கப்பட்டார்கள்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார்கள். 21 லட்சம் யென் இழப்பீடு. ஆனால் பத்து வருடம்! அந்தப் பத்து வருடத்தில் மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நானும் ஆசிரியர்தான், ‘நமக்கெதுக்கு வம்பு’ என்ற வாசகம் ஆசிரியர் ஓய்வறைகளில் எந்தத் தொனியில் சொல்லப்படும் என்று எனக்குத் தெரியும். 2005-இல் ஆளும் கட்சி ‘அத்துமீறிய பாலியல் கல்வி’யை ஆராய ஒரு குழுவையே அமைத்தது. அதன் தலைவர் ஷின்சோ அபே. அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார்.

இதே காலத்துச் செய்தி இன்னொன்று. 1999 ஜனவரியில் ஜப்பான் வயாகராவுக்கு அனுமதி தந்தது. விண்ணப்பித்து ஏறத்தாழ ஆறே மாதத்தில். கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது அதே ஆண்டு ஜூனில். அதற்குப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

இந்த மௌனத்துக்குள்தான் ‘கொய்சோரா’ வந்தது. காதல் வானம் என்று பொருள். மிக்கா என்ற பெயரில் ஒரு பெண் ‘மாஹோ நோ ஐ-லேண்ட்’ தளத்தில் எழுதினாள். உண்மைக் கதை என்று சொன்னாள். 2006 அக்டோபரில் இரண்டு பாகங்களாக அச்சில் வந்து ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. 2007 நவம்பரில் படம், 2008-இல் தொலைக்காட்சித் தொடர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளி முதலாண்டு மாணவி மிக்கா. ஹிரோ என்ற முரட்டுப் பையனோடு காதல். அவனுடைய முன்னாள் காதலி ஏவிவிட்ட ஆட்கள் மிக்காவைக் கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்துகிறார்கள். ஹிரோ பழிவாங்குகிறான். மிக்கா கர்ப்பமாகிறாள், ஹிரோ மகிழ்கிறான், படிப்பை விட்டு வேலைக்குப் போவேன் என்கிறான். முன்னாள் காதலி மிக்காவைத் தள்ளிவிடுகிறாள்; கரு கலைகிறது. திடீரென்று ஹிரோ காரணம் சொல்லாமல் அவளை வெட்டிவிடுகிறான். வேறொரு மென்மையான இளைஞனோடு மிக்கா பழகுகிறாள். ஹிரோ பிரிந்தது தனக்குப் புற்றுநோய் வந்ததால் என்று பிறகு தெரிகிறது. அந்த நல்ல பையனை விட்டுவிட்டு ஹிரோவிடம் ஓடுகிறாள். ஹிரோ சாகிறான். நாவலின் முடிவில் அவன் குழந்தையை அவள் சுமக்கிறாள்.

ஹோண்டா தோரு என்ற விமர்சகர் 2008-இல் எழுதிய புத்தகத்தில், கைப்பேசி நாவல்களின் ஏழு பாவங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். உடலை விற்றல், வல்லுறவு, கர்ப்பம், போதை, தீராத நோய், தற்கொலை என்று ஆறு. ஏழாவது, மெய்யான காதல். கேலியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஏழாவதுதான் மற்ற ஆறையும் தாங்கி நிற்கும் தூண் என்பது என் எண்ணம். துன்பம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெய் அந்தக் காதல். வலி ஒரு சான்றிதழ்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. மிக்கா தொலைத்த கைப்பேசி பள்ளி நூலகத்தில் கிடைக்கிறது. அதிலிருந்த எண்கள் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கின்றன. அழித்தவன் ஹிரோ. உண்மையிலேயே உன்னோடு பேச விரும்புகிறவர்கள் தாங்களே உன்னை அழைப்பார்கள் என்பது அவன் நியாயம். பிறகு அவன்தான் தினமும் அழைக்கிறான். படம் இதை இனிய இசையோடு காட்டுகிறது. ஒரு பெண்ணின் தோழிகளை அவள் கையிலிருந்தே துடைத்தெறிவதில் தொடங்குகிறது அந்தக் காதல்!

வகுப்பில் இந்தக் காட்சியை ஓடவிட்டபோது பாதிப் பேர் புன்னகைத்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஒரு மாணவி மட்டும், “இவன் அவ ஃப்ரெண்ட்ஸை எல்லாம் கட் பண்ணிட்டானே மேடம்” என்றாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று ஒரு மணி நேரம் நாங்கள் ஜப்பானைப் பற்றிப் பேசவேயில்லை.

ஜப்பானிலும் இதை ஒருவர் கவனித்தார். ஹயாமிசு கென்ரோ 2008-இல் எழுதிய நூலில், ‘கொய்சோரா’ போன்ற கதைகளின் காதலை, காதலர்களுக்கிடையிலான வன்முறை என்று பெயரிட்டுப் பேசினார். எப்போதும் எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ஏன் உடனே பதில் இல்லை என்ற விசாரணைகளும், கட்டுப்படுத்தலும், அடித்துவிட்டு அழுவதும் இக்கதைகளில் அன்பாகவே வாசிக்கப்படுகின்றன என்றார். இந்த எழுத்து திடீரென்று இணையத்தில் முளைத்ததல்ல என்பதையும் காட்டினார். எண்பதுகள், தொண்ணூறுகளில் மோட்டார் பைக் கும்பல்களைச் சேர்ந்த பெண்களுக்கென வந்த பத்திரிகைகளில் வாசகிகள் எழுதிய கடிதங்களிலும் இதே வல்லுறவு, இதே கருச்சிதைவு, இதே காதலனின் சாவு. டோக்கியோவின் அறிவுஜீவிகளுக்குத் தெரியாத, சிறு நகரங்களின் பெண்பிள்ளைகளுடைய எழுத்து மரபு அது. எழுத்தாளர்களின் பட்டியலில் என்றும் வராத மரபு.

இந்த நாவல்களில் வராதவை எவை என்று பாருங்கள். வல்லுறவுக்குப் பின் காவல் நிலையம் வராது. காதலன் பழிவாங்குவதோடு நீதி முடிந்துவிடும். கருத்தடை பற்றிய ஒரு பேச்சு கதையின் போக்கை மாற்றாது. கர்ப்பம் மழைபோல வரும், போகும். “எனக்கு இது வேண்டாம்” என்று பெண் சொல்லி, அதை அவன் கேட்டு, அதன் பிறகும் காதல் தொடரும் காட்சி கிடைக்காது.

இதையெல்லாம் அந்தப் பெண்களின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய சட்டத்தைப் பாருங்கள். 1907-இன் குற்றவியல் சட்டப்படி பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 13. வல்லுறவு என்று நிரூபிக்க வன்முறையோ மிரட்டலோ இருந்திருக்க வேண்டும்; ‘வேண்டாம்’ என்று சொன்னது போதாது. பாதிக்கப்பட்டவள் முறைப்படி புகார் கொடுத்தால்தான் வழக்கே தொடர முடியும்; 2017-வரை இதுதான் பொதுவான நிலை. கருக்கலைப்புக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். மணமாகாதவர்களிடமும் பல மருத்துவமனைகள் ஆணின் கையொப்பத்தைக் கேட்டன. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2001-இல் வந்தபோது அது மனைவியரைத்தான் காத்தது. காதலனின் அடி அதற்குள் வரவில்லை. மிக்கா காவல் நிலையம் போகவில்லை என்றால், போகச் சொல்லி அவளிடம் யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடம் சொல்லவில்லை, சட்டம் வாசலிலேயே அவளை நிறுத்தியது. அவளுக்குத் தெரிந்த மொழியில் அவள் எழுதினாள். தெரிந்தவை இரண்டே சொற்கள்: வலி, காதல். வலியைக் காதல் என்று எழுதினாள்.

ஆனாலும் எழுதினாளே. வல்லுறவு என்ற சொல்லையும் கருச்சிதைவு என்ற சொல்லையும் பதினைந்து வயதுப் பெண்களின் கைக்குக் கொண்டுபோனது பாடநூல் அல்ல, மோசமான இலக்கணத்தில் எழுதப்பட்ட இந்தத் தொடர்கள். அங்கே போய் வாசகிகள் தங்கள் வார்த்தையையும் விட்டுச்சென்றார்கள். இப்படி நடக்கும், நடந்தால் சாக வேண்டியதில்லை, அதன் பிறகும் ஒரு பெண் பள்ளிக்குப் போகலாம், சிரிக்கலாம் என்று ஒருத்தி படித்திருப்பாள். அதுவும் ஒரு கல்விதான். அரைகுறைக் கல்வி என்று சொல்லலாம். ஆபத்தான கல்வி என்றும் சொல்லலாம். மாற்று என்ன இருந்தது என்பதே என் கேள்வி.

பெரியவர்களின் பயத்துக்கு எண்கள் துணைநிற்கவில்லை. ஜப்பானில் இருபது வயதுக்குட்பட்ட பெண்களின் கருக்கலைப்புகள் 2001-இல் 46,000-ஐத் தாண்டின; அதுதான் உச்சம். கைப்பேசி நாவல்கள் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. 2010-இல் ஏறத்தாழ 20,000. பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்துவந்த நாடு என்பது உண்மைதான். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டாலும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. கதை படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. கதை அவர்கள் உடம்பை என்ன செய்தது என்பதைவிட, எதை அன்பென்று நம்பவைத்தது என்பதுதான் கவலைக்குரியது. அதை அளக்க எந்த அமைச்சகத்திடமும் அட்டவணை கிடையாது.

பெண்பிள்ளைகள் கதை படிப்பதைப் பற்றிய இந்தப் பயம் அந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழசு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு என்ற அரண்மனைப் பெண் எழுதிய ‘கென்ஜியின் கதை’யிலேயே இது வருகிறது. மின்மினிகளின் பெயர் கொண்ட அத்தியாயத்தில், வளர்ந்துவரும் தன் சின்ன மகளுக்குக் காதல் விவகாரக் கதைகளைப் படித்துக்காட்ட வேண்டாம் என்கிறான் கென்ஜி. அதே அத்தியாயத்தில்தான் அவன் தன் பாதுகாப்பில் இருக்கும் வளர்ப்பு மகள் தமகசுராவிடம், கதைகளைச் சாக்காக வைத்தே வரம்பு மீறிப் பேசுகிறான். முராசாக்கி இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறாள். பெண்ணுக்கு ஆபத்து கதையிலிருந்தா வந்தது?

அந்த நாவல் எழுதப்பட்ட சில ஆண்டுகளில், தந்தையோடு தூர மாகாணத்திலிருந்து தலைநகருக்கு வந்த ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்கு, அத்தை ஒருத்தி அதன் ஐம்பதுக்கு மேற்பட்ட பகுதிகளையும் கொடுத்தாள். ‘சராஷினா நாட்குறிப்பு’ என்று இன்று அறியப்படும் நூலில் அவளே இதை எழுதியிருக்கிறாள். திரைக்குப் பின்னால் தனியே படுத்து, இரவும் பகலும் படித்தாள். வளர்ந்ததும் தானும் யூகாவோ போல, உக்கிஃபுனே போல ஆவேன் என்று கனவு கண்டாள். யூகாவோ, காதலன் அழைத்துப்போன பாழடைந்த வீட்டில் இறந்துபோனவள். உக்கிஃபுனே, இருளில் வேறொருவன் போல நடித்து வந்த ஆணால் ஏமாற்றப்பட்டு, ஆற்றில் விழத் துணிந்தவள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெண்ணையும் மிக்காவைப் படித்தவளையும் பக்கத்தில் உட்காரவைத்தால் இருவருக்கும் பேச நிறைய இருக்கும். இருவர் கையிலும் இருந்தவை, துன்பப்பட்டு அழகான பெண்கள்தான்.

இந்த இழையைப் பிடித்த ஒரு கிழவி இருந்தார். அவரைச் சொல்லாமல் போக முடியாது. செட்டோச்சி ஜாக்குச்சோ, 1922-இல் பிறந்தவர். கணவனையும் மகளையும் விட்டு ஓர் இளைஞனைக் காதலித்து வெளியேறியவர். 1957-இல் ஒரு பெண்ணின் உடல் வேட்கையை எழுதியதற்காக ‘கருப்பை எழுத்தாளர்’ என்று ஏளனம் செய்யப்பட்டு, ஐந்தாண்டு இலக்கியப் பத்திரிகைகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. ‘செய்தோ’ என்ற பெண்கள் பத்திரிகையின் கடைசி ஆசிரியரான இத்தோ நோஏயின் வாழ்க்கையை எழுதினார். 1911-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை, கற்பையும் கருக்கலைப்பையும் பெண்களே விவாதித்த இடம். கருக்கலைப்பு பற்றிய ஒரு கதைக்காக அதன் 1915 ஜூன் இதழ் தடை செய்யப்பட்டது. 1973-இல் செட்டோச்சி புத்த பிக்குணி ஆனார். பிறகு ‘கென்ஜியின் கதை’யை முழுவதும் இன்றைய ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார்.

2008-இல், 86 வயதில், அவர் ஒரு கைப்பேசி நாவல் எழுதினார். ‘பர்ப்பிள்’ என்ற புனைபெயரில், யாருக்கும் சொல்லாமல். முராசாக்கி என்றாலும் ஊதா நிறம்தானே! ‘நாளைய வானவில்’ என்ற அந்தக் கதையில் ஒரு பள்ளி மாணவி, ஒரு பையன், பழைய கென்ஜியின் சாயல். பிறகு தானேதான் என்று சிரித்துக்கொண்டே அறிவித்தார். பேராசிரியர்கள் குப்பை என்று தள்ளியதை, தடையின் ருசி தெரிந்த ஒருத்தி எடுத்துத் தன் கையால் எழுதிப் பார்த்தாள். இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. ‘கொய்சோரா’ படம் வந்த அதே 2007-இல், இந்தியாவில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்திவைத்தன. பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றார்கள். என் மாணவிகள் இன்று கைப்பேசியில் படிக்கும் தமிழ்த் தொடர்களில், பணக்கார நாயகன் பழிவாங்குவதற்காக நாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டுகிறான், அறைகிறான், படுக்கையில் அவள் மறுப்பைப் பொருட்படுத்துவதில்லை, நாற்பதாவது அத்தியாயத்தில் அழுகிறான், அவள் மன்னிக்கிறாள். இதற்கு ‘ஆன்ட்டி ஹீரோ கதை’ என்று பெயர். எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலர் சமையலை முடித்துவிட்டு இரவில் எழுதுகிறவர்கள். மனைவி 18 வயதைத் தாண்டியவள் என்றால் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது என்று, 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் விதிவிலக்கு எழுதிவைத்திருக்கிறது. நாவலாசிரியைகளைத் திட்டுகிற கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். அந்த விதிவிலக்கையும் அதே பக்கத்தில் திட்டிய கட்டுரைகள் குறைவு.

ஜப்பானில் கைப்பேசி நாவல் அலை 2008-க்குப் பிறகு அடங்கியது. சட்டம் மெதுவாக நகர்ந்தது. 2017-இல் 110 ஆண்டுப் பழைய வல்லுறவுச் சட்டம் முதன்முறையாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 2023-இல் குற்றத்தின் பெயரே ‘சம்மதமற்ற பாலுறவு’ என்று மாறியது. சம்மத வயது 16 ஆனது. மிக்காவின் முதல் வாசகிகள் அப்போது முப்பதுகளில் இருந்தார்கள். அவர்களில் சிலருக்காவது அந்த வயதில் மகள்கள் இருந்திருப்பார்கள்.

பள்ளிக்கூடம் இன்னும் மெதுவாக நகர்கிறது. 2018-இல் டோக்கியோவின் அடாச்சி பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கருத்தடை, கருக்கலைப்பு என்ற சொற்களை வகுப்பில் பயன்படுத்தியதற்கு மாநகர சபையில் மீண்டும் கண்டனம் எழுந்தது. எழுப்பியவர், நானாஓ பொம்மைகளின் விவகாரத்தில் இருந்த உறுப்பினர்களுள் ஒருவர். இம்முறை எதிர்ப்பும் பலமாக இருந்தது. அடுத்த ஆண்டு டோக்கியோ தன் வழிகாட்டி நூலைத் திருத்தி, பெற்றோர் ஒப்புதலோடு அத்தகைய பாடங்களை நடத்தலாம் என்றது. 2023 முதல் நாடு முழுவதும் ‘உயிர்ப் பாதுகாப்புக் கல்வி’ என்ற பாடம் வந்திருக்கிறது. அதில் காதலர்களுக்கிடையிலான வன்முறை பற்றிப் பேசுகிறார்கள். கரு உருவாவதற்கு முந்தைய நிகழ்வை விலக்கிவைத்த 1998-இன் வரி மட்டும் பாடத்திட்டத்தில் அப்படியே இருக்கிறது.